லிப்போ பற்றரியை எதற்குள் வைப்பது: பையா, இரும்புப் பெட்டியா, மண்சாடியா?

தொலை இயக்க விமானம், கார், படகு ஆகியவற்றுக்குப் பயன்படும் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரிகள் பழுதானால் தீப்பற்றக்கூடியவை என்பதால், அவற்றை வீட்டில் பாதுகாப்பாக வைக்க நான்கு வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன: தீத்தடுப்புப் பை, இரும்புப் பெட்டி, மணலிட்ட மண்சாடி அல்லது சீமெந்துக்கற்களை அடுக்கிய சிறிய அறை, குளிர்சாதனப் பெட்டி. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தின் வெக்கையையும் உப்புக்காற்றையும் மாரி ஈரத்தையும் கணக்கில் எடுத்தால், வீட்டுக்கு வெளியே நிழலில் வைக்கப்படும் மண்சாடியோ சீமெந்துக்கல் அறையோதான் மற்ற மூன்றையும் விடச் சிறந்தது என்பது என் முடிவு. ஆயினும், முழு மின்னேற்றத்துடன் கிடக்கும் பற்றரிக்கு எந்தக் கலனும் அரைக் காவல்தான் என்பதால், வோல்ற்றளவிலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டியுள்ளது.

லிப்போ பற்றரிக்குள் உள்ள கலமொன்று முழுமையாக ஏறும்போது 4.20 வோல்ற்றில் நிற்கும். சேமித்து வைக்க ஏற்ற அளவு 3.80 முதல் 3.85 வோல்ற்று வரை. மூன்று கலப் பற்றரிக்கு இது ஏறத்தாழ 11.4 முதல் 11.55 வோல்ற்று ஆகும். லிப்போவும் அடங்கும் லித்தியம் அயன் கலங்களுக்குப் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கின்படி, 25 பாகை செல்சியஸில் ஓராண்டு கிடக்கும் கலம், 40 சதவீத மின்னேற்றத்தில் வைக்கப்பட்டால் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கிறது. முழுதாக ஏற்றி வைக்கப்பட்டால் 80 சதவீதமே மிஞ்சுகிறது. வெப்பம் 40 பாகையானால் இவை முறையே 85 ஆகவும் 65 ஆகவும் குறைகின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழுள்ள அறையொன்று நண்பகலில் இந்த 40 பாகையை எளிதில் தொட்டுவிடும் என்பதால், பிற நாட்டவர் எழுதும் அறிவுரைகளில் ஓரமாக வரும் இந்த எண்கள் எமக்கு நடுப்பொருளாகின்றன. கொள்ளளவு குறைவதோடு விடயம் முடிவதுமில்லை. உயர்ந்த வோல்ற்றளவும் வெப்பமும் சேரும்போது கலத்தினுள் உள்ள கரிமக் கரைசல் சிதைந்து வாயு உண்டாகிறது. கடினமான கூடு இல்லாத லிப்போ அதனால் வீங்குகிறது.

பறந்து முடிந்த பற்றரி பெரும்பாலும் சேமிப்பு அளவுக்கு அண்மையிலேயே இருக்கும். சிக்கல் தருவது, ஏற்றி வைத்துவிட்டு மழையாலோ காற்றாலோ பறக்க முடியாமற் போன பற்றரிதான். மின்னேற்றியின் சேமிப்பு நிலையைத் தெரிவுசெய்தால் அதுவே அளவாக இறக்கிவிடும். ஆனால் சிறிய மின்னேற்றிகள் 5 வாற்று அளவில்தான் இறக்குகின்றன. மூன்று கலம், 2200 மில்லியம்பியர் மணிப் பற்றரியில் முழுமையாக 24 வாற்று மணி ஆற்றல் உள்ளதால், அதில் பாதியை இறக்கவே இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். முச்சக்கரவண்டியின் பின்விளக்கில் உள்ளது போன்ற 12 வோல்ற்று, 21 வாற்று மின்குமிழ் அதே வேலையை அரை மணித்தியாலம் சற்று மீறி முடித்துவிடும். ஆனால் அது தானாக நிற்காது. வோல்ற்றளவு எச்சரிக்கி ஒன்றைச் செருகி அருகிலேயே இருக்க முடியாதவர்கள் மின்னேற்றியின் மெதுவான வழியையே கொள்ள வேண்டும்.

இனிக் கலன்கள். தீத்தடுப்புப் பை கண்ணாடி இழைத் துணியால் ஆனது. மலிவானது, இலேசானது, இணையவழியில் எளிதில் கிடைப்பது. ஒரு சிறிய பற்றரி எரிந்தால் சுவாலையின் முதல் வீச்சை அது தணிக்கக்கூடும். வெப்பத்தையும் புகையையும் அதனால் தடுக்க முடியாது. ஒரே பையில் நான்கைந்து பற்றரிகளைத் திணித்து வைத்தால், ஒன்றின் வெப்பமே அடுத்ததைத் தூண்டிவிடப் போதுமானது. கல்லடியிலிருந்து திருக்கோவில் மைதானம் வரை எடுத்துச் செல்வதற்கு இந்தப் பை பொருத்தமானது. உடுப்பு அலுமாரிக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்கு அது போதாது.

இரும்புப் பெட்டி சுவாலையை நன்றாக அடக்குகிறது. எனினும் அதில் மூன்று குறைகள் உள்ளன. இறப்பர் விளிம்புடன் இறுக்கமாக மூடும் பெட்டிக்குள் வாயு திரண்டு பெட்டியையே வெடிக்கச் செய்யலாம் என்பதால், அந்த விளிம்பைக் கழற்றி வாயு வெளியேற வழி விட வேண்டும். உட்சுவர் மின்கடத்தியாக இருப்பதால், மூடியற்ற செருகியொன்று அதில் உரசினால் குறுஞ்சுற்று ஏற்படும். மெல்லிய தகரத்தாலான பிஸ்கற் பெட்டி போன்றவை மிகச் சூடேறி, கீழேயுள்ள பலகையையும் பற்றவைத்துவிடும். உட்கூரைக்குப் பயன்படும் ஜிப்சம் பலகைத் துண்டுகளை உள்ளே சுற்றிவர வைத்தால் பின்னிரண்டு குறைகளும் பெருமளவு நீங்கும். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீராகவே பிணைந்திருப்பதால், அது சூடேறும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சுகிறது. வீட்டு இடிபாடுகளில் கிடைக்கும் பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டி இதற்குப் பயன்படுத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: அதன் தூசு நுரையீரலுக்குக் கேடானது, தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

மண்சாடி இந்தக் குறைகளில் எதையும் கொண்டதன்று: மின்கடத்தாது, துருப்பிடிக்காது, வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அடியில் துளையுள்ள பூச்சாடியின் அடியில் இரண்டு அங்குல மணல் பரப்பி, பற்றரியை வைத்து, மேலே மண்தட்டொன்றைத் தளர்வாகக் கவிழ்த்தால், வாயு போகவும் வழியுண்டு. கடும் வெப்பத்தில் சாடி பிளக்கக்கூடும் என்பதொன்றே கவலை. அதனால் சாடியை வெறும் சீமெந்துத் தரையில், எரியக்கூடிய எதுவும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். பெரிய பற்றரிகளுக்கு உள்ளீடற்ற சீமெந்துக்கற்களை அடுக்கி, ஒவ்வொரு பொந்திலும் ஒரு பற்றரி வைத்து, மேல்வாயில் மணல் நிரப்பிய பொலித்தீன் பையொன்றை வைப்பது இன்னும் நல்லது. தீப்பற்றினால் பொலித்தீன் உருகி மணல் தானாகவே கொட்டி மூடும். மணல் அந்த எரிவை அணைத்துவிடாது, ஏனெனில் கலம் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சுவாலை பரவாமல் காக்கிறது, அவ்வளவே. கடற்கரை மணலை மட்டும் அள்ள வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துச் செருகிகளை அரிப்பதோடு, ஈரமானால் மின்னையும் கடத்தும். காயவைத்த ஆற்றுமணலே ஏற்றது.

வைக்கும் இடம் கலனுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. கிடுகு வேய்ந்த கொட்டிலும் விறகு அடுக்கிய சமையலறைப் புறமும் கூடவே கூடாது. மேற்கு வெயில் படாத விறாந்தை மூலை நல்லது. மாரியில் வெள்ளம் ஏறும் தாழ்ந்த வளவுகளில், தரைமட்டத்திலிருந்து ஓரிரு கல் உயரத்தில் மேடையிட வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியை ஆதரிப்போர் சொல்வதில் உண்மை உண்டு: குளிரில் கலம் மெதுவாகவே மூப்படைகிறது. ஆனால் எமது ஈரக்காற்றில், வெளியே எடுத்த குளிர்ந்த பற்றரியின் செருகிகளில் உடனே நீர் துளிர்க்கும். உணவு வைக்கும் மூடிய பெட்டிக்குள் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயு கசியும் வாய்ப்பை சிறிதளவு கொள்ளளவுக்காக ஏற்பது, என்னைப் பொறுத்தவரை, பேசத் தகுந்த பேரமே அல்ல.

வாவியில் படகு ஓட்டுவோர் கவனிக்க: உவர்நீர் புகுந்த பற்றரியும், விழுந்து நசுங்கிய அல்லது வீங்கிய பற்றரியும் மற்றவற்றுடன் சேரக்கூடாது. அவற்றைத் தனிச் சாடியில், திறந்த வெளியில் வைத்துக் கவனித்து, கைவிட வேண்டியவற்றை மின்குமிழால் சுழிய வோல்ற்று வரை இறக்குவதே சரி. உப்புநீரில் ஊறவைக்கும் பழக்கம் முனைகளை முதலில் அரித்துவிடுவதால், உள்ளே மின்னேற்றம் மிஞ்சியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

வளவில்லாத மாடி அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு மண்சாடி வசதிப்படாமற் போகலாம். அவர் ஜிப்சம் பதித்த, இறப்பர் நீக்கிய இரும்புப் பெட்டியை வெளிமாடத்தில் சீமெந்துத் தரையில், படிக்கட்டையும் வாசலையும் மறிக்காத மூலையில், வெயில் படாமல் வைத்து, ஒவ்வொரு பற்றரியின் செருகிக்கும் மூடியிட்டு, எண்ணிக்கையையும் தேவைக்கு மேல் பெருக்காமல் இருந்தால், பைக்குள் வைப்பதை விட வெகுவாகப் பாதுகாப்பான நிலையில் இருப்பார்.