ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் 6 மாச ஃபாலோ-அப் பேக்கேஜ், 18,000 குடுத்தது வொர்த்தா?

5க்கு மூணரை ஸ்டார். கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேணாம். வெயிட் கொறையறதுக்காக வயித்த வெட்டி சின்னதாக்கற இந்த ஸ்லீவ் ஆபரேஷன பண்ண டாக்டர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க, கையெடுத்து கும்பிடணும். நான் எழுதறது அதுக்கப்புறம் தனியா காசு வாங்கிட்டு குடுக்கற ஃபாலோ-அப் பேக்கேஜ் பத்தி மட்டும் தான், ஏன்னா இத எடுக்கறதா வேணாமான்னு நான் மண்டைய பிச்சிக்கிட்டு தேடுனப்ப தமிழ்ல எனக்கு ஒண்ணும் ஆப்டல.

என் கணக்கு சொல்லிடறேன். வயசு 41, உயரம் 158 செ.மீ., வெயிட் 118 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு வெயிட் எவ்ளோன்னு பாக்கற கணக்கு) 47. சுகர் இருக்கு, ராத்திரி மூச்சடைச்சு எந்திரிச்சு உக்கார்ற வியாதியும் இருக்கு. பிஎம்ஐ 40 தாண்டியிருந்ததால ஆபரேஷன் செலவு இன்சூரன்ஸ்ல வந்துருச்சு (35க்கு மேல இருந்து கூடவே கட்டுக்கடங்காத சுகர் மாதிரி ஏதாவது இருந்தாலும் வரும், ஆனா வெயிட்டிங் பீரியட் முடிஞ்சிருக்கணும், பாலிசிய நல்லா படிச்சுக்கோங்க). ஃபாலோ-அப்புக்கு மட்டும் கைக்காசு. 18,000க்கு என்ன தர்றாங்கன்னா டயட்டீஷியன் கூட 8 தடவ பேசறது, டாக்டர் ரிவ்யூ 2, மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் பிளட் டெஸ்ட், ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு ஃபைல், அப்பறம் ஆஸ்பத்திரி பேரு போட்ட ஒரு ஷேக்கர். ஷேக்கர் ஒழுகுது.

அந்த ஃபைல்ல இருந்தே ஆரம்பிக்கறேன். டயட் சார்ட்னு ஒண்ணு வெச்சிருக்காங்க பாருங்க, அவகாடோ, கிரீக் யோகர்ட், வான்கோழி கறி! கவுண்டம்பாளையத்துல வான்கோழிக்கு நான் எங்க போறது. வெளிநாட்டு சார்ட்ட அப்படியே பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு குடுத்துட்டாங்கன்னு பாத்தாலே தெரியுது. டயட்டீஷியன் பொண்ணு மொத சிட்டிங்லயே அத ஓரமா வெச்சுட்டு ஒரு ஏ4 பேப்பர எடுத்து கையால எழுதிச்சு. மொத வாரம் வடிகட்டுன ரசம், இளநீர், பருப்புத் தண்ணி, தண்ணி மோர். ரெண்டாவது வாரம் பாலு, புரோட்டீன் கலந்தது. அப்பறம் மசிச்ச பருப்பு, தயிரு, குழைய அவிச்ச முட்டைய மிக்ஸில ஒரு சுத்து. ஒரு மாசம் கழிச்சு தான் மெத்துனு எதாவது. அந்த பேப்பர் இன்னும் எங்க ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, மூணரை ஸ்டார்ல ரெண்டு ஸ்டார் அந்த பேப்பருக்கு தான்.

மொத ரெண்டு வாரம் எப்படி போச்சுன்னே தெரியல. வயித்துல முக்காவாசிக்கு மேல வெட்டி எடுத்துட்டு ஒரு வாழைப்பழம் சைஸ்க்கு குழாய் மாதிரி விட்டிருக்காங்க, பசியத் தூண்டற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த அந்த பக்கத்துல தான் சுரக்குமாம், அதனால பசின்னு ஒண்ணு இல்லவே இல்ல. இருமல் மருந்துக்கு வர்ற 30 மில்லி மூடி இருக்கில்ல, அதுல ஊத்தி ஊத்தி பொழுதுக்கும் குடிச்சுட்டே இருக்கணும், மடக் மடக்னு குடிச்சா நெஞ்சுல அப்படியே நிக்கும். ஆபரேஷன் அன்னிக்கு 114 (அதுக்கு முன்னாடியே ஈரல் சுருங்கறதுக்குன்னு ரெண்டு வாரம் லிக்விட் டயட்ல 4 கிலோ போயிருந்துச்சு), ரெண்டு வாரத்துல 107.9. நானு பறந்துட்டிருந்தேன்.

அப்பறம் நின்னுருச்சு.

சும்மா ஒரு நாள் ரெண்டு நாள் இல்லைங்க, 17 நாளு. 107.6, 107.9, 107.4, ஒரு நாள் காலைல 108.1 காட்டுச்சு பாருங்க, அப்படியே பாத்ரூம் வாசல்ல உக்காந்துட்டேன். ஒரு நாளைக்கு சாப்பிடறதே ரெண்டு கரண்டி பருப்பு, அதுல எப்படிங்க வெயிட் ஏறும்? காலைல 5 மணிக்கு எந்திரிச்சு மெஷின ஹால் டைல்ஸ்ல வெச்சுப் பாப்பேன், அப்பறம் சமையக்கட்டு கடப்பாக்கல்லு மேல, பேட்டரி மாத்தி பாப்பேன், தாலிக்கொடிய கூட ஒரு நாள் கழட்டி வெச்சுட்டு ஏறுனேன், அத எங்க அத்த பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சாயங்காலம் தான் வூட்டுக்காரர்கிட்ட “இத்தன காசு குடுத்து வயித்த அறுத்தும் எறங்கலியாப்பா”ன்னு கேட்டாங்க. மெதுவா தான் கேட்டாங்க, எனக்கு கேட்டுருச்சு.

இந்த எடத்துல தான் பேக்கேஜ் காசுக்கு வேல செஞ்சுது. நாலாவது சிட்டிங், போன்ல தான், நான் அழுதுட்டே நம்பர் எல்லாம் ஒப்பிக்கறேன், அந்த பொண்ணு கேட்டுட்டு “அக்கா இது மூணாவது வாரம், எல்லாருக்கும் நிக்கற வாரம், நீங்க நிக்கலைன்னா தான் நான் ஆச்சரியப்படுவேன்”னு சொல்லுச்சு. உடம்பு கிளைகோஜன்னு ஒண்ண சேத்து வெச்சிருக்குமாம், அதுல ஒரு கிராமுக்கு கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணியும் சேந்து ஒட்டிட்டிருக்குமாம், சாப்பாடு நின்னவுடனே மொதல்ல அது தான் காலியாகும், அதான் ஆரம்பத்துல சரசரன்னு எறங்குது, அப்பறம் உடம்பு சுதாரிச்சுட்டு தண்ணிய திருப்பி புடிச்சு வெக்கும், உள்ள கொழுப்பு கரைஞ்சுட்டே இருந்தாலும் மெஷின்ல தெரியாது. இத ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒருத்தராவது சொல்லியிருந்தா நான் அந்த கடப்பாக்கல்லு மேல ஏறியிருக்க மாட்டேனே. அதுக்கு அரை ஸ்டார் கட்.

அப்பறம் கேட்டுச்சு, “வீட்ல இன்ச் டேப் இருக்காக்கா?” அத்தையோட தையல் மெஷின் டிராயர்ல இருந்துச்சு. மொத சிட்டிங்ல நர்ஸ் இடுப்பு, புட்டம், மேல்கை, தொடைன்னு நாலு எடம் அளந்து எழுதி வெச்சிருந்தாங்க, நான் அத கண்டுக்கவே இல்ல. போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு அத்தைய கூப்பிட்டு அளக்க சொன்னேன். இடுப்பு ரெண்டு இன்ச் கம்மி. அத்த நம்பாம கண்ணாடி போட்டுட்டு வந்து மறுபடி அளந்தாங்க. அன்னிக்கு தான் கவனிச்சேன், சோப்பு போட்டா தான் கழலும்னு 6 வருஷமா கைலயே கெடந்த வளையல் முட்டி வரைக்கும் சாதாரணமா போயிட்டு வருது. மெஷின அந்த பொண்ணு சொன்ன மாதிரி பீரோ மேல தூக்கி வெச்சாச்சு, ஞாயித்துக்கிழம காலைல மட்டும் வூட்டுக்காரர் எறக்கி குடுப்பாரு. அடுத்த ஞாயிறு 105.8.

வாட்ஸ்அப் குரூப் வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், ஆனா மொத மூணு மாசம் மியூட் போட்டுருங்க. “ஒரே மாசத்துல 19 கிலோ”ன்னு ஒரு அண்ணன் ஜிம் கண்ணாடி முன்னாடி போட்டோ போடுவாரு, அவரு 170 கிலோல ஆரம்பிச்சவரு, ஆம்பள, ஆறடி. அவரு வேகத்த வெச்சு நாம நம்மள எட போட்டா ராத்திரி தூக்கம் போயிரும், எனக்கு போச்சு. அதே குரூப்ல ஒரு அக்கா மூக்குல தண்ணி வந்தா வயிறு நெறஞ்சிருச்சுன்னு அர்த்தம்னு எழுதியிருந்தாங்க, எனக்கு மூக்கு இல்ல, விக்கல். ஒரே ஒரு விக்கல் வரும், அதோட தட்டத் தள்ளி வெச்சிரணும், அதுக்கு மேல ஒரு ஸ்பூன் போனாலும் வெளிய தான் வரும். ஃபைல்ல இது எங்கயும் இல்ல.

இப்ப கோவமான விஷயம். ஏழாவது வாரம், சனிக்கிழம ராத்திரி, மச்சினர் வீட்டு விசேஷம், ஆச தாங்காம ஒரு துண்டு சிக்கன் வறுவல், நல்லா காஞ்சது, பேசிட்டே சரியா மெல்லாம முழுங்கிட்டேன். அடுத்த நிமிஷம் நெஞ்சுக்குள்ள கல்லு வெச்ச மாதிரி, வாயெல்லாம் நுரை நுரையா எச்சில், மேலயும் வராம கீழயும் போகாம. பேக்கேஜ் அட்டைல “24 மணி நேர உதவி”ன்னு போட்ட நம்பருக்கு அடிச்சா மூணாவது தடவ தான் எடுத்தாங்க, எடுத்தவருக்கு ஸ்லீவ்னா என்னன்னே தெரியல, “சட்டையா மேடம்?”னு கேக்கல, அது ஒண்ணு தான் பாக்கி. எமர்ஜென்சிக்கு வாங்க இல்லைன்னா திங்கக்கிழம ஓபின்னு வெச்சுட்டாரு. ரெண்டு மணி நேரத்துல அதுவா எறங்குச்சு, என் நல்ல நேரம். திங்கக்கிழம அந்த பொண்ணு தான் வெவரம் சொல்லுச்சு, ஒரு நாள் முழுக்க தண்ணி கூட தங்கலைன்னா போன் எல்லாம் பண்ணிட்டு நிக்காம நேரா வந்துரணும், வாந்தி தொடர்ந்து இருந்தா பி1 சத்து கொறஞ்சு நரம்பயே பாதிக்கும்னு. இத அட்டைல அச்சடிக்க எத்தன ரூவா ஆகும்? ஒரு ஸ்டார் முழுசா கட்.

முடி. நாலாவது மாசம் தலைக்கு ஊத்திட்டு சீவுனா கை நெறைய வருது. ஆபரேஷன் மாதிரி அதிர்ச்சிக்கும் கம்மி சாப்பாட்டுக்கும் முடி மொத்தமா ஓய்வு எடுக்கப் போயிரும், ஒரு மூணு மாசம் கழிச்சு கொட்டும், பொறவு மொளச்சுரும், பயப்படாதீங்கன்னாங்க. மொளைக்குது, நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா நட்டுக்கிட்டு நிக்குது. அத்த கரிசலாங்கண்ணி எண்ண காய்ச்சி தந்தாங்க, அதால மொளச்சுதுன்னு தான் வீட்ல பேச்சு, நானும் மறுக்கல.

பிளட் டெஸ்ட்டுக்கு மட்டும் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. மூணாவது மாசம் ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வெச்சிருக்கற அயர்ன காட்டற அளவு) தரையில கெடந்துச்சு, நானு என்னடான்னா காலைல எல்லா மாத்திரையும் ஒண்ணா போட்டுட்டு வேல முடிஞ்சுதுன்னு இருந்திருக்கேன். கால்சியமும் அயர்னும் ஒண்ணா போட்டா அயர்ன் ஏறாது, ரெண்டு மணி நேரமாவது கேப் விடணும். பித்தப்பைல கல்லு வராம இருக்க குடுத்த மாத்திரையவும் 6 மாசம் விடக்கூடாது, வேகமா எளைக்கறப்ப கல்லு சீக்கிரம் புடிக்குமாம். புரோட்டீன் பவுடர் அங்க கவுண்டர்ல விக்கறது அரை கிலோ 2,400, மொத ரெண்டு மாசம் வேற வழி இல்ல, வாங்கித்தான் ஆகணும். அதுக்கப்பறம் ரெண்டு முட்டைல 12 கிராம், அரை லிட்டர் பாலுல 16, 100 கிராம் பன்னீர்ல ஒரு 18, மிச்சத்துக்கு பருப்பும் மீனும், 60 கிராம் வந்துரும். இந்த கணக்கையும் அந்த பொண்ணு தான் போட்டு குடுத்துச்சு, கவுண்டர்ல இருக்கறவங்க சொல்லுவாங்களா?

ஆறு மாசம் முடிஞ்சப்ப 89.4. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடியும் பின்னாடியும் தண்ணி குடிக்காம இருக்கறது இன்னும் எனக்கு முழுசா வரல, அதுவும் சித்திரை வெயில்ல. நடுவுல நிக்கறது இன்னும் ரெண்டு தடவ வந்துச்சு, ஒரு தடவ 9 நாளு, ஒரு தடவ 12. இப்ப அப்படி ஆச்சுன்னா இன்ச் டேப் தான் எடுக்கறேன்.

யாரு எடுக்கலாம்? வீட்ல நர்சோ விவரம் தெரிஞ்சவங்களோ இருந்தா வேணாம், பிளட் டெஸ்ட்ட வெளிய லேப்ல எடுத்துட்டு டாக்டர் ரிவ்யூ மட்டும் போங்க, கம்மியா முடியும். என்ன மாதிரி கடப்பாக்கல்லு கேஸ்னா எடுங்க, ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி எந்த டயட்டீஷியன்னு கேட்டுட்டு கட்டுங்க, ரெண்டு பேரு இருக்காங்க, இன்னொருத்தர் அந்த வான்கோழி சார்ட்டையே தான் படிச்சுக் காட்டுவாராம். போன வாரம் ரின்யூவல்னு கூப்பிட்டாங்க, 15,000ன்னாங்க. டயட்டீஷியன மட்டும் தனியா பாத்தா எவ்ளோன்னு கேட்டேன், ஒரு தடவைக்கு 600. அதுக்கு மட்டும் எழுதிட்டு வந்திருக்கேன். ஷேக்கர் வேற புதுசா ஒண்ணு குடுத்தாங்க, அதும் ஒழுகுது.