லோவின் வாயு வண்டி: பலூனைவிட இதற்குத்தான் மதிப்பெண்

போர்க்கள பலூன் என்றாலே பேச்சு பட்டுத்துணி, கூடை என்றுதான் போகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காக தாடியஸ் லோவ் கொண்டுவந்த சாமான்களில் உண்மையில் பெயர் வாங்க வேண்டியது, பலூனுக்கான வாயுவைக் களத்திலேயே தயாரித்த அவருடைய ஹைட்ரஜன் வண்டி.

1794-ல் ஃப்ளூரஸ் களத்தில் பலூனை ஏற்றிய பிரெஞ்சுப் படை, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் நீராவி விட்டு வாயு எடுத்தது. கந்தகமெல்லாம் வெடிமருந்துக்கே போனதால், கந்தக அமிலத்தில் இரும்பைக் கரைத்து வாயு எடுக்கும் வழிக்கு இடமில்லை. உலையோ நகராது, நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் நிரப்பிய பலூனையே கயிறு பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள்.

லோவின் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. மரத் தொட்டி, உள்ளே செம்புத் தகடு, அடியில் சாதாரண ராணுவ வண்டிச் சக்கரங்கள். நீர்த்த கந்தக அமிலம் செம்பைத் தின்னாது, இரும்பை மட்டும் கரைக்கும். தண்ணீரும் இரும்புத் துருவலும் முதலில், அமிலம் அப்புறம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வாயு சூடாகவும் ஈரமாகவும் வரும். அதைக் குளிர்விப்புப் பெட்டி வழியாகவும் சுண்ணாம்புத் தண்ணீர் வழியாகவும் அனுப்பியே ஆக வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் அமிலத் துளிகள் பலூன் துணியின் வார்னிஷை அரித்துவிடும், உள்ளே போகும் நீராவி தூக்கும் சக்தியைக் குறைக்கும். தொட்டியில் இருந்த காற்றை முதலில் வெளியேற்றாவிட்டால் வெடிக்க ஒரு பொறி போதும்.

வேகத்துக்கு முழு மதிப்பெண். இரண்டு வண்டிகள் சேர்ந்தால் சில மணி நேரத்தில் பலூன் தயார்.

செலவில்தான் அடி. 32,000 கன அடி கொண்ட 'இன்ட்ரெபிட்' பலூனை நிரப்ப, கணக்குப்படியே சுமார் 2 டன் இரும்பும் 3.7 டன் அமிலமும் வேண்டும். கழிவும் கசிவும் தனி. இத்தனைக்கும் கிடைக்கும் மொத்தத் தூக்குசக்தி ஏறக்குறைய ஒரு டன், அதிலும் துணி, வலை, கயிறு எல்லாம் போகத்தான் ஆள். அமிலமோ கண்ணாடிக் குடுவைகளில், கரடுமுரடான பாதையில் வர வேண்டும். தொட்டியில் மிஞ்சும் இரும்பு சல்பேட் ஆறினால் படிகமாகி இறுகும். வேலை முடிந்ததும் தொட்டியைச் சூடு ஆறுமுன் கழுவிவிடுவது நல்லது.

இன்னொரு குறை: ஒரு பலூனிலிருந்து மற்றொன்றுக்கு வாயு மாற்ற இணைப்பு எதுவும் உடன் இல்லை. 1862-ல் ஃபேர் ஓக்ஸ் சண்டையின்போது இன்ட்ரெபிட் நிரம்பக் காத்திருக்க நேரமில்லாமல், முகாம் கெட்டில் ஒன்றின் அடியை வெட்டி, அதையே குழாயாக்கி, சிறிய 'கான்ஸ்டிடியூஷன்' பலூனிலிருந்த வாயுவை மாற்றினார் லோவ். அளவான செம்புக் குழாய் ஒன்றை வண்டியோடே அனுப்பியிருக்கலாம்.