ஏரியா, காடா, பனியாறா: மூன்று இமயப் பாதைகள்

அக்கா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் மூன்று விளம்பரங்களை அடுத்தடுத்து அனுப்பினான். காஷ்மீர் கிரேட் லேக்ஸ், உத்தராகண்டின் ஹர் கி தூன், சிக்கிமின் கோச்சா லா. மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்: பனியாறு, காடு, ஏரி எல்லாம் ஒரே பயணத்தில். கடைசியில் அவன் கேள்வி: "மாமா, எதுக்குப் போகலாம்?"

விளம்பரத்தில் பொய் இல்லை. மூன்று பாதையிலும் மூன்றும் உண்டு. ஆனால் வாழையிலையில் சோறும் இருக்கும், ஊறுகாயும் இருக்கும். காஷ்மீரில் ஏரிதான் சோறு, பனியாறு ஊறுகாய். ஹர் கி தூனில் காடும் மலைக்கிராமங்களும் சோறு. கோச்சா லாவில் பனிமலை. ஊறுகாய்க்கு ஆசைப்பட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் திரும்பி வந்து "நல்லாத்தான் இருந்தது, ஆனா..." என்று இழுப்பார்கள்.

அதற்கு முன்னால் லீவு. பாதி முடிவை அதுவே எடுத்துவிடும். காஷ்மீர்ப் பாதை ஜூலையில் திறந்து செப்டம்பர் நடுவில் முடிந்துவிடும். மே மாதம் அந்தக் கணவாய்களில் பனி மூடிக் கிடக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறையில் போக நினைப்பவர்கள் அதை அப்போதே அடித்துவிடலாம். மற்ற இரண்டும் அதற்கு நேர் எதிர். ஏப்ரல், மே நல்ல காலம், அக்டோபர், நவம்பர் இன்னும் நல்ல காலம், நடுவில் பருவமழை. பீர் பஞ்சால் மலைத்தொடர் மழைமேகங்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால்தான், நாடெல்லாம் நனைகிற ஆகஸ்டில் காஷ்மீரில் நடக்க முடிகிறது.

சரி, ஏரி. இதில் போட்டியே இல்லை. சோனமார்க்கில் ஏறி நாராநாகில் இறங்கும் எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல், நந்த்கோல் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கட்சர் கணவாயில் நின்று திரும்பிப் பார்த்தால் விஷன்சரும் கிஷன்சரும் ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டும் இரண்டு நீலத்தில் தெரியும். பனியாறு பாறையை அரைத்து அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு தண்ணீரில் கரையாமல் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. எந்த ஏரியில் மாவு எவ்வளவு என்பதைப் பொறுத்து நிறம் மாறும். விஷன்சரில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் இன்றும் உண்டு. ஹர்முக் சிகரத்தின் அடியில் இருக்கும் கங்காபல், காஷ்மீரப் பண்டிதர்கள் அஸ்தி கரைக்கும் புனித ஏரி.

ஹர் கி தூனோடு இரண்டு நாள் கூட்டினால் ருயின்சாரா தால் வரும். தால் என்றால் ஏரிதான், ஆனால் பார்த்தால் நம்மூர்க் குளம். சுற்றி நிற்கும் சிகரங்களுக்காகப் போகலாம், தண்ணீருக்காகப் போக வேண்டாம். கோச்சா லாவில் சமிதி என்று ஒரே ஒரு ஏரி. கரையில் டென்ட் போட அனுமதி கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கு அது சாமி ஏரி.

காட்டுக்கு வந்தால் காஷ்மீர் கடைசி இடத்துக்குப் போய்விடும். முதல் நாள் பிர்ச், மேப்பிள், கடைசி நாள் பைன், நடுவில் முழுக்கப் புல்வெளியும் பாறையும். சத்சரைத் தாண்டி ஒரு பாறைக்காடு உண்டு, அதைக் காடு என்று சொல்ல முடியாது. மண்ணே தெரியாமல் ஆளுயரப் பாறைகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித்தான் போகவேண்டும்.

கோச்சா லாவின் காடு ஈரக்காடு. யுக்சோமிலிருந்து சாச்சென், அங்கிருந்து த்ஷோகா வரை ஓக் மரங்களில் பாசி தாடிபோலத் தொங்கும். ஏப்ரல் கடைசியில் போனால் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும்: கீழே சிவப்பு, ஏற ஏற இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள். மழை பெய்தால் அட்டைகளும் கூடவே வரும். இந்தக் காடு அடங்கிய காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவை யுனெஸ்கோ 2016-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இயற்கைக்காக மட்டும் இல்லாமல் மக்களின் வழிபாட்டுத் தொடர்புக்காகவும் சேர்த்துக் கிடைத்த இடம் அது.

ஆனால் காட்டுக்காக ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்றால் நான் ஹர் கி தூனைச் சொல்வேன். காரணம் மரங்கள் மட்டும் இல்லை, அங்கே ஊர் இருக்கிறது. கங்காட், ஓஸ்லா கிராமங்களில் கல்லும் தேவதாரு மரமும் மாற்றி மாற்றி அடுக்கிய வீடுகள், வாசலில் காயும் ராஜ்மா. செப்டம்பர், அக்டோபரில் மலைச்சரிவு முழுக்கச் செக்கச்செவேல் என்று கிடக்கும். ஏதோ பூந்தோட்டம் என்று நினைத்துக் கிட்டப் போனால், நம் தண்டுக்கீரையின் சொந்தக்காரன், விதைக்காகப் பயிரிடுகிறார்கள். பள்ளத்தாக்கின் கோடியில் நிற்பது சுவர்க்காரோகிணி, 6,252 மீட்டர். பாண்டவர்கள் உடம்போடு சொர்க்கம் போகக் கிளம்பிய வழி இதுதான் என்று கைடு அடித்துச் சொல்வார். பத்ரிநாத் பக்கம் சதோபந்த் ஏரி வழியாகப் போனவர்களிடம் கேட்டால் அங்கேதான் என்பார்கள். தர்மபுத்திரர் எந்த வழியில் போனாரோ, நாய் மட்டும் இன்னும் இங்கே சுற்றுகிறது. ஓஸ்லாவில் ஒரு பிஸ்கட் போட்டதற்கு ஒரு கறுப்பு நாய் இரண்டு நாள் எங்களோடு நடந்தது, ராத்திரி டென்ட் வாசலில்தான் படுக்கை.

இனி பனியாறு. இதில்தான் ஏமாற்றம் அதிகம். கிளேசியர் என்றதும் வெள்ளை வெளேர் என்று ஒன்றை எதிர்பார்த்துப் போவோம். இமயத்தின் பனியாறுகள் பல, கல்லும் மண்ணும் போர்த்திக்கொண்டு கிடப்பவை. இரண்டு பக்கமும் செங்குத்தான மலைகள் நொறுங்கிக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன, பனி அடியில் மறைந்துவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பல்லாவரம் கல்குவாரிதான் நினைவுக்கு வந்தது.

காஷ்மீர்ப் பாதையில் ஹர்முக் சிகரத்தில் தொங்கும் பனியை நந்த்கோல் கரையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஹர் கி தூனில் ஜௌந்தார் பனியாற்றின் பக்கம் போக ஒரு நாள் தனியாக வேண்டும். பல குழுக்கள் அந்த நாளைத் தருவதில்லை, பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கோச்சா லாவில் மட்டும்தான் பனியாறு வழியிலேயே வருகிறது.

லாமுனே முகாமில் எங்களை இரண்டு மணிக்கு எழுப்பினார்கள். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். தண்ணீர்ப் பையின் குழாய் அரை மணி நேரத்தில் உறைந்துவிட்டது (பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வாய் கடைசியில்தான் உறையும் என்று அப்புறம்தான் சொன்னார்கள்). சமிதி ஏரியை இருட்டில் தாண்டினோம். கரையில் பனித்தகடு நொறுங்கும் சத்தம் மட்டும். அப்புறம் பனியாறு தள்ளிக் குவித்த மொரெய்ன் மேட்டின் முதுகில் ஏற்றம், இரண்டடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். 4,600 மீட்டரில் முதல் பார்வைமுனை. பெரும்பாலான குழுக்கள் அதோடு திரும்பிவிடும். 8,586 மீட்டர் காஞ்சன்ஜங்காவின் உச்சியில் குங்குமம் வைத்ததுபோல ஒரு புள்ளி சிவந்தது, பிறகு மெல்ல வழிந்து கீழே இறங்கியது. யாரும் பேசவில்லை. பேச மூச்சும் இல்லை. இறங்கும்போதுதான் சமிதியைப் பார்த்தோம், பச்சைக் கண்ணாடி.

அந்த மேட்டில் நிற்கும்போது இன்னொன்றும் தோன்றும். இப்படிப்பட்ட கல்மண் குவியல்கள்தான் பல ஏரிகளுக்கு அணையே. வடக்கு சிக்கிமில் 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் ஏரியின் மொரெய்ன் சரிந்து வந்த வெள்ளம் சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும், நாம் கடலோரத்துக்காரர்கள். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். காஷ்மீரில் முதல் முகாமே ஏறக்குறைய அந்த உயரத்தில். இரண்டாம் இரவு 3,500 பக்கம் படுக்கை, தலைவலி வந்தால் ஆச்சரியமில்லை. கடைசி நாள் நாராநாகுக்கு ஒரே மூச்சில் ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும். கோச்சா லா 1,780 மீட்டரில் யுக்சோமில் தொடங்குகிறது, ஆனால் ஜோங்ரியில் 4,000-ஐத் தொட்டுவிடும். அங்கே ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்குவது கட்டாயம். செலவைக் குறைக்க அந்த ஒரு நாளை வெட்டிவிட்டு அட்டவணை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட ஒரு குழுவோடு போனவரை எங்கள் கண்ணெதிரே ஸோவின் முதுகில் ஏற்றி இறக்கினார்கள். ஸோ என்பது யாக்குக்கும் மாட்டுக்கும் பிறந்த கலப்பு, மூட்டை சுமப்பது அதுதான். ஹர் கி தூன் 3,566 மீட்டர், படிப்படியாக ஏறும், மூன்றில் உடம்புக்கு இதுதான் இதம்.

வழிகாட்டி விஷயத்தில் சிக்கிமில் பேச்சே இல்லை, கைடு இல்லாமல் பூங்காவுக்குள் விட மாட்டார்கள். காஷ்மீரில் வழியெங்கும் ராணுவச் சோதனை, அசல் அடையாள அட்டை வேண்டும்; நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் அங்கே பல சுற்றுலா இடங்களை மூடினார்கள் என்பதால், பாதை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் விமான டிக்கெட். எங்கே போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஆக்சிஜன் சிலிண்டர் முகாமில் இருக்குமா, காலையும் மாலையும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பார்களா. மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணத்தில் ஹர் கி தூன் மலிவு, நாள் அதிகம் என்பதால் கோச்சா லா ஒசத்தி. ஆனால் சிக்கிமுக்குச் சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரி வரை நேரடி ரயில் உண்டு, விமானச் செலவு மிச்சம். ஹர் கி தூனுக்கு நடை தொடங்குவது சாங்க்ரியில்; டேராடூனிலிருந்து அதுவரையிலான பத்து மணி நேர வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் எடுத்துப் போகவும்.

என்னைக் கேட்டால் கோச்சா லாதான். மூன்றில் ஒன்றுக்கு மறுபடி போகலாம் என்றால் யோசிக்காமல் கிளம்புவேன். ஆனால் கேட்டது நான் இல்லையே. பையனுக்கு இது முதல் இமயப் பயணம், ஏறிப் பழகியது வெள்ளியங்கிரி மட்டும். அக்டோபரில் எட்டு நாள் லீவு. "அப்போ ஹர் கி தூன் போ, ஓஸ்லாவில் ஒரு நாள் கூடத் தங்கு" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "அந்தக் கறுப்பு நாய் இன்னும் இருக்குமா மாமா?"