சுரங்கத்தில் ரேடான்: எந்தக் கருவியை நம்பலாம்?

ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம் 1967-ல் வேலை தொடங்கியது. 900 மீட்டரையும் தாண்டிய ஆழம். இப்படிப்பட்ட சுரங்கங்களில் பாறையிலிருந்தும் ஊற்று நீரிலிருந்தும் ரேடான் என்ற கதிரியக்க வாயு ஓயாமல் கசியும். அதை எதைக் கொண்டு அளப்பது?

பழைய வழி குப்பி முறை. உள்ளே துத்தநாக சல்ஃபைடு பூசிய குப்பியில் காற்றைப் பிடித்து, சுமார் மூன்று மணி நேரம் கழித்து, கதிர் பட்டு அந்தப் பூச்சில் தெறிக்கும் ஒளிப்பொறிகளை எண்ணுவார்கள். கணக்கு துல்லியம்தான். ஆனால் அது காற்றைப் பிடித்த அந்த நேரத்துக் கணக்கு மட்டுமே. மதியம் காற்றோட்ட மின்விசிறி நின்று ரேடான் ஏறினால் காலையில் பிடித்த குப்பிக்கு எப்படித் தெரியும்?

கதிரின் தடங்களைப் பதிந்துகொள்ளும் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் வில்லையை உடையில் குத்திக்கொள்ளலாம். அதற்கு பேட்டரியே வேண்டாம், விலையும் குறைவு. ஆளுக்கு ஒன்று கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன். ஆனால் சில மாதம் கழித்து மொத்தக் கணக்கைத்தான் சொல்லும், அன்றைக்கே எச்சரிக்காது.

சரி, தொடர்ந்து அளக்கும் கருவிகளுக்கு வருவோம். சிலிக்கான் வகை, ரேடான் சிதைந்து உருவாகும் பொலோனியம்-218 அயனிகளை மின்புலத்தால் இழுத்து, அவை விடும் ஆல்ஃபா கதிரின் 6.0 எம்இவி (அணு அளவிலான ஆற்றல் அலகு) ஆற்றலை வைத்து அடையாளம் காணும். தோரியத்திலிருந்து வரும் ரேடான் வகையான தோரானின் கணக்கைத் தனியாகப் பிரித்துவிடும். அதன் எதிரி ஈரம். நீராவி அந்த அயனிகளின் மின்னூட்டத்தைப் போக்கிவிடுவதால், காற்றை உலர்த்தும் குருணைகளை அடிக்கடி மாற்ற வேண்டும். நீர் சொட்டும் சுரங்கத்தில் அது தீராத வேலை. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியதைப் போன்ற ஒளிப்பொறிக் கருவிகளுக்கு ஈரம் அவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் ரேடான் இறங்கிய பிறகும் கருவியின் உட்சுவரில் ஒட்டிய சேய்த் தனிமங்கள் (ரேடான் சிதைந்து உருவாகும் கதிரியக்கத் தனிமங்கள்) கொஞ்ச நேரம் எண்ணிக்கையைத் தூக்கிக் காட்டும். மென்பொருள் திருத்தம் அவசியம். ஈரமான சுரங்கத்துக்கு இரண்டில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் வாயு அல்ல, அதன் சேய்த் தனிமங்கள். அவற்றை அளக்கும் அலகு வொர்க்கிங் லெவல். கன மீட்டருக்கு 3,700 பெக்கரல் (நொடிக்கு 3,700 சிதைவு) ரேடானோடு அவை முழுச் சமநிலையில், அதாவது ரேடான் சிதையும் அதே வேகத்தில் சிதைந்துகொண்டு இருந்தால் ஒரு வொர்க்கிங் லெவல். காற்று நன்றாக ஓடிச் சமநிலைக் காரணி (முழுச் சமநிலையில் எத்தனை பங்கு என்பது) 0.4 ஆக இருந்தால், அதே ரேடானுக்கு 0.4 மட்டும். மின்விசிறி நின்றால் ரேடானும் ஏறும், காரணியும் ஏறும். வாயுவை மட்டும் அளக்கும் கருவி, ஆபத்து ஏறும் வேகத்தைக் குறைத்தே காட்டும்.

அதனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், காற்றை வடிதாள் வழியே உறிஞ்சி, அதில் படியும் சேய்த் தனிமங்களை நேராக எண்ணும் கருவியைத்தான் வாங்கச் சொல்வேன். தூசியும் டீசல் புகையும் வடிதாளை அடைக்கும், பம்பைக் கவனிக்க ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. அப்புறம், அதன் எச்சரிக்கை மணி மேலே அலுவலகத்தில் மட்டும் அல்ல, கீழே பாறை துளைப்பவர் காதிலும் விழ வேண்டும்.