கப்பல் பயணத்தை இடைத்துறைமுகத்தில் முடித்துக்கொள்ளும் வசதி: ஒரு மதிப்பீடு

உல்லாசக் கப்பல் பயணத்தைக் கடைசி வரை தொடராமல், வழியிலுள்ள ஒரு துறைமுகத்திலேயே முடித்துக்கொள்ளப் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. நானும் என் மனைவியும் அண்மையில் இந்த வசதியைப் பயன்படுத்தினோம். கப்பலின் அறைகளையும் உணவையும் பற்றி எழுதுவோர் பலர் இருப்பதால், இந்த ஒரு சேவையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

ரயிலில் இடைநிலையத்தில் இறங்கிக்கொள்வது போன்றதன்று இது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பயணிகள் பட்டியலைக் கப்பல் முன்கூட்டியே அனுப்புகிறது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்புபவரையும், பெட்டிகளோடு இறங்கி அந்நாட்டிலேயே தங்குபவரையும் குடியேற்ற அதிகாரிகள் ஒன்றாகக் கருதுவதில்லை. இரண்டாமவருக்குத் தனியாகக் கடவுச்சீட்டு, விசா, சுங்கச் சோதனைகள் தேவைப்படலாம். அவற்றைச் செய்ய அதிகாரிகள் இல்லாத சிறு துறைமுகமாக இருந்தாலோ, கடலில் நங்கூரமிட்டுப் படகுகளில் ஆட்களைக் கரைசேர்க்கும் இடமாக இருந்தாலோ அனுமதி கிடைப்பது கடினம்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் இறுக்கமானது. அங்கே 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியுடைய (அதாவது வெளிநாட்டில் பதிவான) கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை, தொலைவிலுள்ள அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல், வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது. கனடா, மெக்சிகோ போன்ற அண்டை நாடுகள் இந்தக் கணக்கில் சேரா. அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறியவர் அதே நாட்டைச் சேர்ந்த அலாஸ்காவின் ஜூனோவில் பயணத்தை முடிக்க முடியாததற்கும், கனடாவின் வான்கூவரில் ஏறியவருக்கு அதே ஜூனோவில் இச்சட்டம் தடையாக இல்லாததற்கும் இதுவே காரணம். மீறினால் பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று கப்பலுக்கு விதிக்கப்படும் அபராதத்தை நிறுவனங்கள் பயணியின் தலையிலேயே சுமத்துகின்றன.

எங்கள் நிறுவனத்தின் முன்பதிவுப் பிரிவு இவற்றையெல்லாம் நன்கு அறிந்திருந்தது. எந்த நாளில், எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறோம் என்று கேட்டு, விசா விவரங்களைச் சரிபார்த்து, எழுத்துப்பூர்வமாக அனுமதி தந்தது. இந்தப் பகுதிக்கு முழுப் பாராட்டும் உரியது. குறை கப்பலுக்குள்தான் இருந்தது. அந்த அனுமதி வரவேற்பு மேசைக்கு வந்து சேரவேயில்லை. அச்சிட்ட கடிதத்தைக் காட்டிய பிறகே எங்கள் பெயர்கள் இறங்குவோர் பட்டியலில் ஏறின. குடியேற்ற அதிகாரி எப்போது, எங்கே வருவார் என்பதை யாரும் சொல்லாததால், அன்று காலை முழுவதும் பெட்டிகளோடு காத்திருக்க நேர்ந்தது. அலுவலகம் கவனமாகச் செய்த வேலையைக் கப்பல் வீணாக்குவது வருத்தமளிக்கிறது. முதியவர்களோ, அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவர்களோ இதனால் மிகவும் அல்லற்படுவார்கள்.

பயன்படுத்தாத நாட்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்திலேயே அது தெளிவாகக் கூறப்பட்டிருப்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் இல்லாத நாட்களுக்கும் கணக்கில் எழுதப்பட்டிருந்த பணியாளர் அன்பளிப்புத் தொகையை, நாங்கள் கேட்ட பிறகே நீக்கினார்கள். அதைத் தாமாகவே செய்திருக்க வேண்டும்.

இந்தக் குறைகள் இருந்தாலும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். அனுமதிக் கடிதத்தின் அச்சுப்படி கையில் இருக்கட்டும். வானிலை மோசமானால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொடாமலே சென்றுவிடலாம் என்பதால், இறங்கும் நாளுக்கான விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குவது நல்லது.