இருமொழி அகராதியா, லேர்னர்ஸ் அகராதியா?

ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பார்க்க மூன்று வகை அகராதிகள் உண்டு: ஆங்கிலம்–தமிழ் அகராதி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான மெரியம்-வெப்ஸ்டர் கொலீஜியட் போன்றவை, கற்பவர்களுக்கென்றே தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ், லாங்மேன், கோபில்ட் வகை. என் ஓட்டு மூன்றாவதற்கு.

வேகத்தில் இருமொழி அகராதியை மிஞ்ச முடியாது. 'ஆட்டர்' என்றால் நீர்நாய், அவ்வளவுதான். செடி, விலங்கு, கருவிப் பெயர்களுக்கு அதுவே போதும். கொலீஜியட் பழைய பொருளை முதலில் தரும். சொல்வரலாறு தேடுபவருக்கு நல்லது, முதல் வரியோடு மூடிவைப்பவரைக் கவிழ்த்துவிடும்.

பார்த்த சொல்லை வைத்துப் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் எழுத வருகிறதா? எனக்கு அதுதான் உரைகல். 'சஜஸ்ட்' என்பதற்கு இருமொழி அகராதி 'யோசனை கூறு' என்று நிறுத்திக்கொள்ளும். 'அவரைப் போகச் சொன்னேன்' என்ற பழக்கத்தில் 'சஜஸ்டட் ஹிம் டு கோ' என்று எழுதிவிடுவோம், அது தவறு. லேர்னர்ஸ் அகராதி 'சஜஸ்ட் தட்', 'சஜஸ்ட் டூயிங்' என்று வாக்கிய அமைப்பையே எடுத்துக்காட்டோடு காட்டும். 'டிஸ்கஸ் அபவுட்' பிழையும் இப்படி வருவதுதான், 'பற்றி'யைத் தமிழிலிருந்து தூக்கிக்கொண்டு போகிறோம். 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' பக்கத்தில் 'யு' என்ற குறி இருக்கும். எண்ண முடியாத பெயர் என்று பொருள்: முன்னால் 'ஆன்' வராது, பின்னால் 'எஸ்' சேராது. பலர் கண்ணில் படாமலே போகும் குறி இது.

'ரன்' போன்ற நீண்ட பதிவை மேலிருந்து வரிவரியாகப் படிக்காதீர்கள். முதலில் வினையா, பெயரா என்று பாருங்கள். அடுத்து, பொருள்களுக்கு முன்னால் உள்ள வழிகாட்டிச் சொற்களை மட்டும் மேய்ந்து உங்கள் இடத்துக்குப் பொருந்துவதைப் பிடியுங்கள். பிறகு அமைப்புக் குறி, கடைசியாக எடுத்துக்காட்டு. 'ரன் அவுட் ஆஃப்' போன்ற கூட்டுவினைகள் பதிவின் கடைசியில்தான் கிடைக்கும்.

லாங்மேன் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் விளக்கத்தை முடிப்பதால் விளக்கத்துக்கே விளக்கம் தேட வேண்டியதில்லை. 1987-இல் வந்த கோபில்ட் முழு வாக்கியமாகவே விளக்கும். குறியீடுகள் அலுப்பூட்டினால் இதை எடுக்கலாம். அந்த எளிய சொற்களே இன்னும் கைவராதவர் தமிழ்ப் பொருளை முதலில் பார்த்துவிட்டு இங்கே வரட்டும்.

துறைச் சொற்களுக்கு மட்டும் என் பரிந்துரை செல்லாது. ஒப்பந்தச் சட்டத்தில் 'கன்சிடரேஷன்' என்றால் மறுபயன், அதாவது ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் தருவது. அதன் நுணுக்கத்துக்குச் சட்ட அகராதியைத்தான் புரட்ட வேண்டும்.