ஏ.சி.எல். ஜவ்வு அறுந்தால்: பயிற்சியா, ஆபரேஷனா?

முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் இந்த ஜவ்வு அறுந்தால் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவும், உள்பக்கம் திருகும். மாசி வீதியில் கடை நடத்துபவருக்கும் அலங்காநல்லூரில் காளை பிடிப்பவருக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

கடைக்காரர் முதலில் 3 மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம். வீக்கம் வடியாமல் முன்தொடைத் தசை சரியாக இறுகாது. வீக்கத்தை வடிய வைப்பதுதான் முதல் வேலை. பின்தொடைத் தசையையும் வலுவாக்க வேண்டும், நழுவும் எலும்பைப் பின்னுக்கு இழுப்பது அது. நடக்கும்போதே முட்டி விட்டுக்கொடுத்தால் பயிற்சியோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு சறுக்கலிலும் மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழியலாம். உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி போனால் நழுவல் இன்னும் கூடும்.

காளை பிடிப்பவர், கபடி ஆடுபவர் போலச் சட்டெனத் திரும்புவோருக்குப் புது ஜவ்வு வைக்கும் ஆபரேஷனே என் பரிந்துரை. நழுவல் நன்றாகக் குறையும். திருகல் முழுதாகச் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கம் 12 டிகிரிக்கு மேல் சரிந்திருந்தால் புது ஜவ்வுக்கும் ஆபத்து. கால் வில்லாக வளைந்திருந்தால், இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எக்ஸ்ரே கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் முட்டிக்கடியில் தலையணை வைப்பது பெரிய தவறு. கால் முழுதாக நீளாமல் போய்விடும். குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். 9 மாதத்துக்கு முன் களம் இறங்கக் கூடாது.